பூட்டுப் போட்ட போன்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய ஃபிளாட்டின் தரைத்தளத்தில் இருக்கும் மாமாவின் நிஜப்பெயர் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'டெலிபோன் மாமா'. சென்னை டெலிபோன்ஸில் சேர்ந்து, இலாகா பி.எஸ்.என்.எல். ஆனபிறகு ஓய்வு பெற்றவர். மொத்தம் 36 வருஷ சர்வீஸ். வீட்டில் இன்னமும் லேண்ட்லைன் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

2022 தீபாவளி முடிந்த கையோடு, நியூஜெர்சியில் இருக்கும் பெண்ணிடமிருந்து மாமாவுக்கு ஓர் ஐபோன் வந்து சேர்ந்தது. ஊருக்கு வந்த தூரத்து உறவுக்காரப் பையன், பாதாம், விட்டமின் மாத்திரை, மூட்டுவலிக்குத் தடவும் களிம்பு இவற்றோடு அதையும் பெட்டியில் வைத்து எடுத்துவந்து கொடுத்துவிட்டுப் போனான். ஐபோன் 13. பெண் ஒரு வருஷம் உபயோகித்தது. மேலே ஒரு கீறல் கிடையாது. அவள் அடுத்ததை வாங்கிக்கொண்டுவிட்டாள். "அப்பா, உங்க போன் பேட்டரி உப்பிப் போயிடுத்துன்னு அம்மா சொன்னா. இனிமே இதை வெச்சுக்கோங்கோ" என்று வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி.

மாமா உடனே காரியத்தில் இறங்கினார். சிம் தட்டைத் திறக்கும் குட்டி ஊசி பெட்டியில் வரவில்லை. மாமியிடம் சேஃப்டி பின் வாங்கிக் குத்தித் திறந்து, தன் சிம்மை வைத்து மூடினார். ஒரு நிமிஷம் யோசித்த திரை, 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்றது. மாமியின் சிம்மைப் போட்டார். அதே பதில். எதிர் ஃபிளாட் பையனைக் கூப்பிட்டு அவன் சிம்மையும் போட்டுப் பார்த்தார். மூன்றும் மூன்று கம்பெனி சிம்கள். மூன்றுக்கும் ஒரே மரியாதை.

"ரிப்பேரா இருக்குமோ?" என்றாள் மாமி.

"ரிப்பேரெல்லாம் இல்லைடி. பூட்டு போட்ருக்கான்."

அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் போனை மொத்தப் பணம் கொடுத்து வாங்குவதில்லை. மொபைல் கம்பெனியிடமே தவணையில் வாங்குகிறார்கள். மாதா மாதம் பில்லோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவார்கள். பல கம்பெனிகளில் கடைசித் தவணை தீரும்வரை அந்த போன் அந்தக் கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காது. மாமாவின் பெண் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவள். போனில் பூட்டு இருப்பது அவளுக்கே தெரியவில்லை. தெரிவதற்கு வாய்ப்பும் வந்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து அவள் ஒரே கம்பெனி சிம்மில்தான் இருந்தாள். கதவைத் திறக்க முயன்றால்தானே பூட்டியிருப்பது தெரியும்.

மாமாவுக்கோ இது பழகிய சமாசாரம். சொல்லப்போனால் ஒரு காலத்தில் அவரே பூட்டுப் போடும் பக்கத்தில் இருந்தவர்.

பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்த கறுப்பு போன் எத்தனை கனம் என்பது 50 வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த போன் வீட்டில் இருந்ததே தவிர, வீட்டுக்காரருடையது அல்ல. அது இலாகாவின் சொத்து. விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூடுதல் டெபாசிட் கட்டி சீக்கிரம் வாங்குவதற்கு ஓ.ஒய்.டி. என்று ஒரு திட்டம் இருந்தது. விரித்தால் 'உங்கள் டெலிபோனைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம் வரும். பணம் கட்டிய பிறகும் போன் இலாகாவுடையதுதான்! இந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறைய இருந்திருக்க வேண்டும் என்று மாமா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த போனுக்கு நிஜமான பூட்டும் உண்டு. சுழற்றும் டயலின் ஓட்டையில் பொருத்துகிற சின்ன பித்தளைப் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர்களும் காலேஜ் போகும் பிள்ளைகளும் பேசிவிடாமல் இருக்க அப்பாக்கள் போட்டு, சாவியைப் பூணூலிலோ அரைஞாணிலோ முடிந்துகொள்வார்கள். ரிசீவர் வைக்கும் கொக்கியை எண்ணுக்குத் தக்கபடி டொக்டொக்கென்று தட்டினாலே நம்பர் விழும் என்பது இலாகா ஆட்களுக்குத் தெரியும். மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

1995-ல் சென்னைக்கு மொபைல் வந்தது. ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டே கம்பெனிகள். நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை போன காலம். வருகிற அழைப்புக்கும் காசு. மாமாவின் சம்பளத்துக்கு அதெல்லாம் வேடிக்கை பார்க்கும் விஷயம். ஆனால் அந்த ஜி.எஸ்.எம். முறையில் ஒரு சங்கதி அவரை மயக்கிவிட்டது. அதுதான் சிம் கார்டு. அதுவரை நம்பர் என்பது கம்பியின் முனையில் இருந்தது. இப்போது நகம் அளவு அட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை உருவி இன்னொரு செட்டில் போட்டால் நம்பரும் கூடவே போய்விடும். கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தை. "செட் வெறும் கூடு, உயிர் சிம்லதான் இருக்கு" என்று ஆபீஸில் புதுப் பையன்களுக்கு விளக்குவாராம்.

அந்த உயிரைக் கூட்டோடு சேர்த்துத் தைத்துவிட்ட போன்கள் 2003-ல் வந்தன. ரிலையன்ஸ் அந்த ஆண்டு ஜூலையில் 'மான்சூன் ஹங்காமா' என்று ஒரு திட்டம் அறிவித்தது. 501 ரூபாய் கொடுத்தால் கையில் செல்போன். மீதி மாதா மாதம் பில்லோடு. அதுவரை செல்போன் என்றால் டாக்டர், வக்கீல், ரியல் எஸ்டேட்காரர் என்றிருந்த ஊரில், பாண்டி பஜார் பூக்காரம்மாவும் லஸ் ஆட்டோ ஸ்டாண்டுக்காரரும் போன் வைத்துக்கொண்டார்கள். அஞ்சலட்டையை விட மலிவாகப் பேச வேண்டும் என்று திருபாய் அம்பானி ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட அது நடந்தது.

அந்த செட்டுகள் சி.டி.எம்.ஏ. முறையில் வேலை செய்தவை. அவற்றில் சிம் கிடையாது. நம்பரை செட்டுக்குள்ளேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் செட்டையும் நம்பரையும் சேர்த்தே துறக்க வேண்டும். நம்பரை வைத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில்தான். அதற்கு முன்னால் ரிலையன்ஸ் போன் வாங்கிய எலெக்ட்ரீஷியன் ஒருவர் வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால், விசிட்டிங் கார்டிலிருந்து வாடிக்கையாளர் வீட்டு காலண்டர் ஓரத்தில் கிறுக்கிய நம்பர் வரை எல்லாவற்றையும் இழக்கத் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்துக்குப் பயந்தே பலர் மாறவில்லை.

சி.டி.எம்.ஏ.வில் ஏழைகளுக்கு நடந்தது, ஐபோனில் பணக்காரர்களுக்கு நடந்தது. முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஏ.டி.அண்ட்.டி. என்ற ஒரே கம்பெனியில்தான் வேலை செய்தது. போட்டிக் கம்பெனியான வெரைசனுக்கு அது கிடைக்க 2011 பிப்ரவரி ஆகிவிட்டது. இடையில் மூன்றரை வருஷம் ஐபோன் வேண்டும் என்றால் வேறு வழியில்லை. வந்த இரண்டே மாதத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் போனைப் பிரித்து, சாலிடரிங் இரும்பு வைத்துப் பூட்டை உடைத்துக் காட்டினான். பூட்டு உடைத்த அந்த ஐபோனைக் கொடுத்துவிட்டு ஒரு நிஸ்ஸான் காரும் மூன்று புது ஐபோன்களும் வாங்கிக்கொண்டான். கொக்கியைத் தட்டி நம்பர் போட்ட மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம்.

இந்தியாவுக்கு ஐபோன் முறைப்படி வந்தது 2008 ஆகஸ்ட் 22. ஏர்டெல், வோடஃபோன் என்று இரண்டு கம்பெனிகள் மட்டும் விற்றன. 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே போன் இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 199 டாலர். அன்றைய கணக்குக்கு 9,000 ரூபாய்க்கும் கீழே. அங்கே விலையைக் குறைத்துக் கொடுத்ததற்காகப் பூட்டு. இங்கே முழு விலையையும் வாங்கிக்கொண்டு பூட்டு. இதில் என்ன நியாயம் என்று அப்போதே பலர் கேட்டார்கள். யாரும் சரியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

மாமாவுக்குப் பிடித்த வேடிக்கை அதற்கும் மேலே ஒன்று உண்டு. அந்த மாடலின் பெயர் 'ஐபோன் 3ஜி'. ஆனால் அதை விற்ற இரண்டு கம்பெனிகளிடமும் இந்தியாவில் அன்றைக்கு 3ஜி கிடையாது. ஏலமே 2010-ல்தான் நடந்தது. அவர்கள் 3ஜி கொடுக்க ஆரம்பித்தது 2011-ல். சென்னையில் அதற்கு முன்பே, 2009-ல், 3ஜி கொடுத்தது பி.எஸ்.என்.எல். அந்த சிம்மை அந்த போனில் போட முடியாது. பூட்டு! 31,000 ரூபாய் கொடுத்து 3ஜி என்று பெயர் எழுதிய போனை வாங்கியவர் 3ஜி இல்லாமல் உட்கார்ந்திருக்க, பக்கத்திலேயே 3ஜி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஓய்வு பெற்றுவிட்டாலும், "எங்க ஆபீஸ்தான் மொதல்ல குடுத்துது" என்பதை மாமா இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த நாட்களில் பூட்டுத் திறக்க எல்லோரும் ஓடியது ரிச்சி தெருவுக்கு. பெண் அனுப்பிய போனை எடுத்துக்கொண்டு மாமாவும் அங்கேதான் போனார். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். மாடிப்படிக்குக் கீழே இரண்டடி அகலத்தில் கடை வைத்திருந்த பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அமெரிக்கா செட்டா அங்கிள்? கான்ட்ராக்ட் முடியல போலருக்கே."

"தொறக்க முடியுமா?"

"தொறக்கிறதுனு இல்ல. சிம்முக்கு அடியில ஒரு சிப்பு வெச்சித் தரேன். போனை ஏமாத்தும். ஓடும். ஆனா அப்டேட் கொடுத்தீங்கனா நின்னுடும். அப்புறம் திரும்ப வரணும்."

மாமா வேண்டாம் என்றுவிட்டார். பையன் சொன்னது புரியாமல் அல்ல, நன்றாகப் புரிந்ததால். பொய் சொல்லி ஓடுகிற லைனை அவர் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறார். அவசரத்துக்கு அவை உதவியதே இல்லை.

பெண்ணோ, "ரெண்டு வாரம் பொறுங்கோப்பா, நான் கேட்டுச் சொல்றேன்" என்றாள். "அதுக்கு ஒரு புது ஆண்ட்ராய்டே வாங்கிடலாமே" என்று மாமி சொன்னதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய போனின் பேட்டரி உப்பியிருந்ததால் அது சார்ஜர் ஒயரோடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி சமையலறை அலமாரியிலேயே கிடந்தது. சிம் அதில்தான் இருந்தது. ஒயரைப் பிடுங்கினால் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும். ஐபோன் வீட்டு வைஃபையில் பெண்ணின் முகத்தைக் காட்டும். வாசலைத் தாண்டினால் அழகான கைக்கண்ணாடி. ஆனாலும் மாமா தினமும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போனார். எத்தனை அடி நடந்தோம் என்று அது சிம் இல்லாமலே எண்ணிச் சொல்லும்!

லஸ் சர்ச் ரோட்டில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காதான் அவர் நடக்கும் இடம். அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொடுத்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கும் பூங்கா. காலை ஏழு மணிக்கு அங்கே பாதி மயிலாப்பூர் சுற்றிக்கொண்டிருக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் மாமா கொஞ்சம் தாமதமாகப் போனார். மாத்திரை போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். நான்காவது சுற்றில் கண் இருட்டியது. பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்துபோயிருந்த நேரம்.

பையிலிருந்து போனை எடுத்தார். அவசர எண்ணான 112-ஐ மட்டும் எந்த போனிலும், எந்தப் பூட்டு இருந்தாலும் அழைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ் அல்ல. மாமியிடம் "சர்க்கரை எறங்கிடுத்து, ஏதாவது எடுத்துண்டு வா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆறு கேமரா வித்தை தெரிந்த அந்த போனால் அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. 2,914 அடிகள் என்று மட்டும் காட்டியது.

"இன்னா மாமா, இப்டி ஒக்காந்துகினு இருக்கீங்க? வேர்த்து ஊத்துது?"

மாமா வீட்டில் காலை வேளை சமையல் செய்யும் அம்மா. அங்கே முடித்துவிட்டு, லஸ்ஸில் பஸ் பிடித்து அடையாறில் இன்னொரு வீட்டுக்குப் போகிற வழியில் வேலிக்கு வெளியே இருந்து பார்த்துவிட்டு உள்ளே வந்திருந்தார். கைப்பையில் பேரனுக்கு வைத்திருந்த கடலை மிட்டாயை முதலில் வாயில் திணித்தார். பிறகு இடுப்பிலிருந்து பட்டன் போன் ஒன்றை எடுத்தார். மாமா லேண்ட்லைன் நம்பரைச் சொன்னார். மாமியின் செல் நம்பர் அவருக்கு ஞாபகம் இல்லை. அது ஐபோனுக்குள் பத்திரமாக இருந்தது. லேண்ட்லைன் நம்பரை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஐந்து நிமிஷத்தில் மாமி ஆட்டோவில் ஹார்லிக்ஸ் ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் மாமாவுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே விவரிக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை, சமையல்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "உன் போனைக் கொஞ்சம் காட்டு" என்று கேட்டார். கீழே வைத்தபோது மேலே ஜியோ என்று எழுதியிருந்தது தெரிந்தது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுவும் பூட்டின போன்தான், தெரியுமோ?"

"தெரியுமே மாமா. வாங்கறப்பவே தி. நகர் கடையில அந்தப் பையன் சொல்லிட்டான், இதுல இந்த சிம்மு மட்டும்தான் ஓடும், வேற போடக்கூடாதுனு."

அமெரிக்காவில் இருக்கும் இன்ஜினீயருக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருந்தது. ஜியோபோன் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது அதன் விலை பூஜ்யம் என்றார்கள். 1,500 ரூபாய் டெபாசிட். மூன்று வருஷம் கழித்து செட்டைக் கொடுத்தால் டெபாசிட் திரும்பி வரும். ஜியோ சிம் மட்டும்தான் ஏற்கும். அடுத்த வருஷம் ஜூலையில், பழைய போனைக் கொடுத்து 501 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 'மான்சூன் ஹங்காமா'. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அதே பெயர், அதே 501. நடுவில் சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பழைய ரிலையன்ஸ் போன் கம்பெனி தம்பிக்குப் போனது. அண்ணன் ஜியோவை ஆரம்பித்தார். சமையல்கார அம்மா வாங்கியது இந்த இரண்டாவது 501-ல். ரீசார்ஜோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆனது. 10 கோடிக்கும் மேல் ஜியோபோன் விற்றதாக நிறுவனம் சொன்னது. அந்தப் பத்துக் கோடியில் ஒன்று மாமாவின் சட்னி மிக்ஸி பக்கத்தில் இருந்தது.

மாமா பாடம் எடுக்க ஆரம்பித்தார். கம்பெனி நாளைக்கு ரேட்டை ஏற்றினால் என்ன செய்வாய்? 49 ரூபாயில் இருந்த பேக் 75 ஆகவில்லையா? போன வருஷம் டிசம்பரில் 91 ஆகவில்லையா?

"எல்லாருந்தான் ஏத்தினாங்க மாமா. எம் பையன் வேற கம்பெனி. அவனுக்கும்தான் ஏறிச்சு. எனக்காவது நூறு ரூபாக்குள்ள முடியுது."

மாமாவிடம் இதற்குப் பதில் இல்லை. 2021 நவம்பர், டிசம்பரில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை ஏற்றியது நிஜம். பூட்டு இல்லாதவர்களுக்கும் ஓடிப்போக இடம் அதிகம் இருக்கவில்லை.

அவர் வேறு பக்கமாக வந்தார். 2018 பிப்ரவரியை ஞாபகப்படுத்தினார். சி.எஸ்.கே. சட்டையில் பெயர் போட்ட ஏர்செல், திடீரென்று சிக்னல் இல்லாமல் படுத்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் திவால் மனுவும் போட்டது. ஊரெல்லாம் ஏர்செல் கடை வாசலில் கூட்டம். 1900-க்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, மாறுவதற்கான கோடு எண் வராதா என்று ஜனங்கள் தவித்தார்கள். பேங்க் ஓ.டி.பி. வராது, கேஸ் புக் பண்ண முடியாது. ஆனாலும் நம்பர் மாறி வந்ததும் அதே செட்டில் புது சிம்மைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவரும் போனைத் தூக்கிப் போடவில்லை. அதற்குச் சில மாதம் முன்னால்தான் பழைய ரிலையன்ஸின் மொபைல் சேவை மூடப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனியின் சி.டி.எம்.ஏ. செட் வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது குழந்தைகள் விளையாட ஒரு பொம்மை.

"கம்பெனி படுத்தா உன் செட்டும் அதோட படுத்துக்கும். அதான் சொல்றேன்."

அந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு யோசித்தார்.

"படுத்துக்கினா படுத்துக்கட்டும் மாமா. நாலு வருசமா ஓடுது. நாஞ் சொல்லட்டா? அது வர்றதுக்கு முன்னாடி என் வூட்ல போன்ல படம் பாத்தது கிடையாது, பேரன் மூஞ்சி பாத்து வாட்ஸாப்புல போட்டோ வாங்கினது கிடையாது. ஐநூறு ரூபாக்கு வேற யார் குடுத்தாங்க? பூட்டு இல்லாத போனு கடையில இருந்திச்சு. பத்தாயிரம் ரூபா."

இந்த இடத்தில் மாமாவின் பக்கம் நிற்பதா, அந்த அம்மாவின் பக்கம் நிற்பதா என்பது சுலபமில்லை. உலகம் மாமாவின் பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் தன் போனின் பூட்டைச் சட்டப்படி திறந்துகொள்ள வழிசெய்யும் சட்டத்தில் 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்டார். கனடாவில் 2017 டிசம்பர் முதல் போனைப் பூட்டி விற்கவே கூடாது. நம் டொராண்டோ உறவுக்காரர்கள் அனுப்பும் போன்களில் இந்தத் தகராறு வராததற்கு அதுதான் காரணம். பிரிட்டனும் 2021 டிசம்பரில் தடை போட்டது. ஆனால் இந்தச் சட்டங்களில் எதுவும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு போனை யார் கையிலும் கொடுத்ததில்லை. கடன் தவணைக்காகப் போடும் பூட்டும், வேறு வழியே இல்லாதவருக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிட்டுப் போடும் பூட்டும், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போடும் பூட்டும் ஒன்றல்ல. மூன்றாவதற்கு மன்னிப்பே கிடையாது. முதலாவதில், பூட்டு இருக்கிறது என்று வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தி. நகர் கடைப் பையன் சொன்ன மாதிரி.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஐபோன் அனுப்பும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. போன் கிளம்பும் முன்பே அங்கே செட்டிங்ஸில் ஜெனரல், அதில் அபௌட் என்று போய்க் கீழே தள்ளிக்கொண்டே வந்தால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் தைரியமாகப் பெட்டியில் வைக்கலாம். வேறு எது இருந்தாலும் முதலில் தவணையைத் தீர்த்துவிட்டுத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று: ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சேஃப்டி பின்னுக்கும் வேலையில்லை.

மாமாவின் பெண்ணும் கடைசியில் மீதித் தவணை மொத்தத்தையும் கட்டினாள். சில நூறு டாலர். பூங்கா விஷயத்தை மாமி அவளிடம் சொல்லிவிட்டதில் வந்த வேகம். சில நாள் கழித்துப் பூட்டுத் திறந்துவிட்டதாக அவளுக்குச் செய்தி வந்தது. மாமா அபௌட் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த ஒரு வரியை இரண்டு தரம் படித்தார். உப்பிய போனிலிருந்து தன் சிம்மை உருவி, சேஃப்டி பின் வைத்து இதில் மாற்றினார். அவர் சிம் எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லத் தேவையில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் பி.எஸ்.என்.எல். தவிர வேறெதையும் தொட்டதில்லை.

இந்தத் தடவை திரை மறுப்பு ஏதும் சொல்லவில்லை. கொஞ்சம் தேடியது. பிறகு மேல்மூலையில் சிக்னல் கோடுகள் எழுந்தன. பக்கத்தில் '3ஜி' என்று வந்து நின்றது. மாமா குழந்தை மாதிரி மாமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து ஒருதரம் சரிபார்த்துக்கொண்டார்.

"என்துல 4ஜி காட்டுது மாமா" என்றார்.